நால்வரும் சரிபார்த்த தெரு

நகர அருங்காட்சியகத்தின் வழிகாட்டிக்கு வாய்த்தது சாதாரணத் தொண்டை இல்லை. மணிக்கூண்டடியில் நின்று "வணக்கம்" என்று அவர் ஆரம்பித்தால், மூன்று தெரு தள்ளிச் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பவர் பதில் வணக்கம் சொல்வார். பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டும் சனிக்கிழமை நடையை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் நடத்திவந்தார். பஸ், லாரி, சாலையில் பள்ளம் தோண்டும் இயந்திரம் எதுவும் அவர் பேச்சை அமுக்கியதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மைக்செட். அதை அவர் விருது மாதிரி நினைத்துப் பூரித்துப்போனார் என்பதிலிருந்து ஆளின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த மைக்செட் ஒருநாள் கரகரத்தது. மறுநாள் விட்டுவிட்டுக் கேட்டது. மூன்றாம் நாள் மனைவியிடம் தண்ணீர் கேட்டபோது வெறும் காற்றுதான் வந்தது.

"குரல்வளையில ரெண்டு காய்ப்பு இருக்கு," என்றார் டாக்டர். "எடுத்துடலாம். ஆனா திரும்பக் கத்தினா திரும்ப வரும். இனிமே பக்கத்துல உக்காந்திருக்கறவருக்குக் கேட்டாப் போதும். அவ்வளவுதான் உங்க எல்லை."

"எத்தனை நாளைக்கு?" என்று காற்றாகவே கேட்டார் வழிகாட்டி.

"எத்தனை நாள் பேசறதா இருக்கீங்களோ, அத்தனை நாளைக்கு."

காய்ப்புகளை எடுத்தார்கள்; பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குக் குரல் திரும்பியது. அருங்காட்சியக மேலாளர் நல்ல மனிதர். அதனாலேயே அவரிடம் சண்டை போட முடியாது. வழிகாட்டியை உட்காரவைத்து, தொண்டைக்கு இதமாக வெந்நீர் தரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். "இப்பல்லாம் போன்லயே ஊரைச் சுத்திக்காட்டறாங்க. உங்க நடையை அப்படி ஒரு ஆப்பா மாத்திடுங்க. பேச்சை அது பாத்துக்கும், நீங்க கூட நடந்தாப் போதும். ரெண்டு மாசம் டைம். நகர மன்றத்துலேருந்து பத்துப் பேர் வந்து நடந்து பாப்பாங்க. சரியா வந்தா நடை உங்களோடது."

"வரலைன்னா?"

மேலாளர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். அங்கே பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தரும் கூண்டு காலியாக இருந்தது. அந்தக் கூண்டுக்குள் பேச வேண்டிய சொற்கள் இரண்டே: "குடுங்க", "வாங்கிக்கங்க". ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம். வழிகாட்டிக்கு வெந்நீர் புரையேறியது.

அவருக்கும் கணினிக்கும் அதுவரை பெரிய பகையும் இல்லை, உறவும் இல்லை. ஒரே தெருவில் குடியிருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டார் மாதிரி இருந்தார்கள். அதனால் அவர் நேராகப் புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆவணக் காப்பகத்தின் பின்னறையில், ஒரு கால் குட்டையான மேசையைச் சுற்றி, கணினி பழகப் புதன்கிழமை மூன்று மணிக்குக் கூடும் கூட்டம் அது. மூன்றே பேர். காப்பகத்தின் பொறுப்பாளரான சுமாரக்கா முதல் ஆள். எந்தப் பழைய காகிதத்தைக் காட்டினாலும் "சுமார்" என்று ஆரம்பித்துத்தான் வருடம் சொல்வார். சொந்த மகளின் வயதைக் கேட்டாலும் அப்படித்தான் என்பது ஊர்ப்பேச்சு. இரண்டாவது, அருங்காட்சியகத்தில் பொருள்களுக்கு விளக்க அட்டை எழுதும் பெண். எந்தச் சாம்ராஜ்யமானாலும் நாற்பது சொல்லுக்குள் முடித்துவிடுவதால் அவள் பெயர் நாற்பது. மூன்றாமவர் நூலகத்தின் பதிவுக்காரர். ஊரில் பழைய ஆட்களை உட்காரவைத்து அவர்கள் வாழ்க்கையைப் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்வது அவர் வேலை. அதிலிருந்து ஒரு தும்மலைக்கூட வெட்ட மாட்டார். "அந்தத் தும்மலுக்கு அப்புறம்தான் அவரு நிஜம் பேசினாரு," என்பார்.

வழிகாட்டி சேர்வதற்கு முன்னால் அவர்களுக்கு முறைப்படி ஒரு பயிற்சி நடக்காமலில்லை. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மவுஸைக் கையில் பிடித்தவர் மாலைவரை யாரிடமும் கொடுக்கவில்லை. "ரொம்ப சிம்பிள்" என்று நாற்பத்தேழு தடவை சொன்னார். பதிவுக்காரர் அதைப் பதிவு செய்து எண்ணியும் வைத்திருக்கிறார். நிபுணர் ரயிலேறிப் போன பிறகு, தங்களுக்கு ஞாபகம் இருப்பது அவர் சட்டையின் கட்டம் மட்டும்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த புதன்கிழமை அவர்களாகவே உட்கார்ந்தார்கள். விதிகளை எழுதி நாற்பது சுவரில் ஒட்டினாள். போன வாரம் கற்றுக்கொண்டவர் இந்த வாரம் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருபவர் மவுஸைத் தொடக் கூடாது. கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டுவிடுகிறவர் அன்றைக்கு எல்லார் டம்ளரையும் கழுவ வேண்டும்.

"கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லித்தரதா?" என்று வீட்டில் கேட்டாள் வழிகாட்டியின் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினாறு வருடத்தில் நகரத்தில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பியவள். "என் பக்கமும் ஒரு பிரேக் இல்லைன்னா நான் வண்டியிலயே ஏற மாட்டேன்."

"அதனாலதான் உன்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாரும் தனியா ஓட்டறப்ப பக்கத்து சீட்டையே பாத்துக்கிட்டு ஓட்டறாங்க," என்றார் வழிகாட்டி, மெல்லிய குரலில். குரல் போனாலும் வாய் போகவில்லை.

"தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க," என்று அவள் பேச்சை முடித்தாள்.

முதல் புதன்கிழமை மவுஸைத் திரையில் எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே போனது. இரண்டாவது புதன்கிழமை அவர் ஒரு கோப்பைத் தொலைத்தார், மூன்றாவது புதன்கிழமை அதைக் கண்டுபிடித்தார், அதோடு அதன் பதினோரு பிரதிகளையும். சுமாரக்கா முதுகுக்குப் பின்னால் தன் ஒரு கையை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம். மேல. இன்னும் மேல. அது மேல இல்லை தம்பி, அது ஜன்னல்," என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு வியர்க்கும். சொல்லித்தருவதில் கற்றுக்கொள்வதைவிட அதிக வலி இருக்கிறது என்பதை வழிகாட்டி தன் முறை வந்தபோது புரிந்துகொண்டார். போனில் எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று பதிவுக்காரருக்குச் சொல்லித்தந்தார். சத்தம் போட முடியாது, கை நீட்ட முடியாது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. இருபது நிமிடத்தில் படம் மாறிவிட்டது. வழிகாட்டி அன்றைக்கு வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

குரலுக்கு வழி கிடைத்தது பதிவுக்காரரால்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் வழிகாட்டியின் நடையை முழுசாக, மணிக்கூண்டிலிருந்து ஆற்றுவாசல் வரை, அவர் பதிவு செய்து வைத்திருந்தார். மைக்செட் உச்சத்தில் இருந்த காலம். ஒலியை வெட்டக் கற்றிருந்த நாற்பது, கையைக் கட்டிக்கொண்டு சொல்லித்தந்தாள், பதிவுக்காரர் வெட்டினார். ஒவ்வொரு இருமலும் போகும்போது உறவில் துக்கம் விழுந்த மாதிரி ஒரு நிமிடம் சும்மா இருந்தார்.

ஆப் வேலை செய்யும் விதம் எளிது. நடப்பவர் கையில் போன், காதில் ஹெட்போன். நகர வரைபடத்தில் பதினான்கு புள்ளிகள். ஒரு புள்ளிக்கு அருகே போனதும் போன் தானாகப் பேசும். பேசி முடித்ததும், அடுத்த புள்ளி எந்தப் பக்கம் என்று திரையில் ஓர் அம்பு காட்டும். அந்தப் பதினான்கு புள்ளிகளையும் வரைபடத்தில் வைப்பதுதான் கடைசி வேலை.

அதற்குச் சுமாரக்கா காப்பகத்திலிருந்து ஒரு பொக்கிஷத்தை எடுத்துவந்தார். சுமார் எண்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய நகர வரைபடம். அதை ஸ்கேன் செய்து, இன்றைய வரைபடத்தின் மேல் போர்வை மாதிரி விரிக்க அவர் போன வாரம்தான் கற்றிருந்தார். கீழே ஒரு பட்டை இருந்தது. அதை இடது பக்கம் இழுத்தால் பழைய வரைபடம் மங்கி, அடியில் இன்றைய தெருக்கள் தெரியும்.

வழிகாட்டி இழுத்துப் பார்த்தார். மரங்கள் வரைந்த கிணற்றுச் சந்து மெல்லக் கரைந்தது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடத் தொகுதியும், அதைச் சுற்றி வளைந்து போகும் புதுச் சாலையும், கார் நிறுத்துமிடமும் வந்தன. நால்வர் முகமும் ஒரே நேரத்தில் வாடியது.

"திரும்ப வலது பக்கம் தள்ளு தம்பி," என்றார் சுமாரக்கா.

தள்ளினார். சந்து திரும்பி வந்தது.

"இப்பதான் ஊர் மாதிரி இருக்கு," என்றாள் நாற்பது.

அப்படியே வைத்துக்கொண்டு புள்ளிகளை இட்டார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பொருந்தி உட்கார்ந்தது. ஐந்தாவது புள்ளி, பொதுக்கிணறு. அதைக் கிணற்றின் நட்டநடுவில், ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் வைத்தார். பதிவுக்காரர் கைதட்டக்கூட முயன்றார், கை முதுகுக்குப் பின்னால் இருந்ததால் சத்தம் வரவில்லை.

சோதித்துப் பார்க்கத் திரையில் ஒரு குட்டி பொம்மை மனிதன் உண்டு. அவனை மவுஸால் நகர்த்திக்கொண்டு போனால் ஆப் பேசும். வெளியே வாரம் முழுக்க மழை கொட்டியது. நால்வரும் ஆளுக்கொரு முறை பொம்மை மனிதனைக் கிணற்றுச் சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுமாரக்கா இரண்டு முறை. பதினான்கு இடத்திலும் அவன் சரியாக நின்றான், பதினான்கு இடத்திலும் மைக்செட் முழங்கியது. சரிபார்த்ததற்கு நால்வரும் கையெழுத்தும் போட்டார்கள்.

"தெருவுல ஒரு தடவை நடந்து பாத்துட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"மேசையிலேயே அஞ்சு தடவை நடந்துட்டோம்."

அவள் அவரைப் பார்த்த பார்வை, ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு முன்பக்கம் பார்க்கிற மாணவரைப் பார்ப்பது போல இருந்தது. அதற்குள் அவளுடைய எட்டு மணி மாணவி வாசலில் நின்ற பயிற்சிக் காரில் ஏறி ஹாரன் அடித்துவிட்டாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. மணிக்கூண்டடியில் மன்றத்திலிருந்து பத்துப் பேர். முன்னால் ஓர் உறுப்பினர் அம்மா, பெரிய கைப்பையும் அதைவிடப் பெரிய மூக்குக்கண்ணாடியுமாக. மேலாளர் தன் நிபந்தனையைச் சொன்னார்: "நீங்க பத்தடி பின்னாலயே வரணும். ஆப் தன் கால்ல நிக்குதான்னு பாக்கணும்." வழிகாட்டி பத்தடி பின்னால் நின்றார். அவருக்குப் பக்கத்தில் சுமாரக்கா, நாற்பது, பதிவுக்காரர். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் நிற்கிற மாதிரி நால்வரும் கைபிசைந்துகொண்டு நின்றார்கள்.

முதல் நான்கு இடமும் தேன். பத்துப் பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள், ஒரே சமயத்தில் சிரித்தார்கள். தன் நகைச்சுவைக்குத் தான் வாயே திறக்காமல் ஆட்கள் சிரிப்பதை வழிகாட்டி முதல்முறையாகப் பார்த்தார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நான்காவது இடத்தில் பேச்சு முடிந்தது. அம்பு திரும்பியது. பத்துப் பேரும் திரும்பி, நடைபாதையைக் கடந்து, நேராக ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவின் மேல் பெரிதாக ஒரு வெள்ளைப் பல் வரைந்திருந்தது.

வழிகாட்டிக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. கிணற்றுச் சந்து இந்தக் கட்டடத்துக்கு அடியில் போகிறது. புள்ளிகளை அவர் வைத்தது இன்றைய தெருவில் அல்ல, எண்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய தெருவில். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போன கால்களுக்கு அது தெரியும். மவுஸைப் பிடித்த கைக்குத் தெரியவில்லை. பொம்மை மனிதனுக்குச் சுவர் இடிக்காது.

"ஏங்க, அங்க இல்லங்க," என்றார். பக்கத்திலிருந்த பதிவுக்காரருக்குக் கேட்டது. பத்தடி தள்ளியிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் காது நிறைய ஏற்கெனவே அவருடைய குரல்தான் இருந்தது. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். பழைய தொண்டையாக இருந்தால் ஒரே அதட்டலில் பத்துப் பேரும் சிலையாகியிருப்பார்கள். டாக்டர் ஞாபகம் வந்தது. இழுத்த மூச்சைச் சும்மா வெளியே விட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே போனபோது நடை தன் உச்சத்தில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய மைக்செட், தெருவில் இல்லாத கிணற்றை இருக்கிற மாதிரி காட்டும் தன் பழைய வித்தையை ஆரம்பித்திருந்தது. எல்லாரும் கிணத்தைச் சுத்தி வட்டமா நில்லுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பேரும் காத்திருப்பு அறையின் நடுவே வட்டமாக நின்றிருந்தார்கள். வட்டத்தின் மத்தியில் ஒரு நாற்காலி. நாற்காலியில் தபால்காரர் ஒருவர், சீருடையோடு, வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். இப்போது எல்லாரும் குனிஞ்சு உள்ள எட்டிப் பாருங்க என்று மைக்செட் சொன்னது போலிருக்கிறது. பத்துப் பேரும் குனிந்து தபால்காரரை எட்டிப் பார்த்தார்கள்.

தபால்காரர் மெல்ல வாயை மூடிக்கொண்டார்.

"பத்துப் பேருக்கும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட்டா?" என்றார் வரவேற்பு மேசையில் இருந்தவர்.

உறுப்பினர் அம்மா ஹெட்போனைக் கழற்றினார். "கிணறு எங்க?" என்றார், கடையில் மாற்றிக் கொடுத்த பொருளைத் திருப்பித் தருகிற குரலில்.

கடைசியாக மேலாளர் உள்ளே வந்து கதவில் வரைந்திருந்த பல்லை ஒருமுறை, தபால்காரரை ஒருமுறை, வழிகாட்டியை ஒருமுறை பார்த்தார்.

"சார், தப்பு என்னோடதுதான்," என்றார் வழிகாட்டி. "பழைய மேப் மேல புள்ளி வெச்சுட்டேன். சந்து இங்கதான் இருந்துச்சு. அப்ப."

"நானும் பாத்தேன் சார்," என்றாள் நாற்பது. "எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு."

"நானும்," என்றார் பதிவுக்காரர்.

"நாலு பேரும் சரிபாத்தும் இப்படியா?" என்றார் மேலாளர்.

"நான் ரெண்டு தடவை பாத்தேன்," என்றார் சுமாரக்கா. சுமார் என்று சொல்லவில்லை. வேலை பார்க்கிற காலத்தில் அவர் துல்லியமாகச் சொன்ன முதல் எண் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குள் உள்ளறையிலிருந்து பல் டாக்டர் வந்துவிட்டார், முகமூடியைத் தாடைக்கு இறக்கியபடி. "என்ன கிணறு?"

வழிகாட்டி அவர் பக்கத்தில் போய்ச் சொன்னார். சந்து இந்தக் கதவில் நுழைந்து, வரவேற்பு மேசையைத் தாண்டி, அந்தச் சுவர் வழியாகப் போகும். கிணறு இருந்தது, அதோ, அந்த மூடிய கதவுக்குப் பின்னால். வீடுகளுக்குக் குழாய் வருவதற்கு முன்னால் நான்கு தெருவுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். அப்புறம் மண்ணைப் போட்டு மூடினார்கள், மேலே கட்டடம் எழுப்பினார்கள். அவர் குரல் எழும்பவில்லை என்பதால் டாக்டர் குனிந்தார். டாக்டர் குனிந்ததைப் பார்த்து உறுப்பினர் அம்மா கிட்டே வந்தார். அவர் பின்னால் மற்ற ஒன்பது பேரும் வந்தார்கள்.

"அது எக்ஸ்ரே ரூம்," என்றார் டாக்டர். அந்த மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். "மூணு கொத்தனாரை மாத்திட்டேன். மூணு தடவை தரையைப் பேத்துப் போட்டாச்சு. எப்பவும் ஒரு மூலை ஈரமாவே இருக்கு. நான் மேல் வீட்டுக்காரங்களோட பேச்சுவார்த்தையே இல்லாம இருக்கேன், அவங்க குழாய்தான் ஒழுகுதுன்னு."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமா."

உறுப்பினர் அம்மா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நான் அந்த மூலையைப் பாக்கணும்." டாக்டர் கதவைத் திறந்தார். பத்துப் பேரும் ஈரத்தைப் பார்க்க வரிசையில் போனார்கள்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் எத்தனை புள்ளி இப்படி உள்ள கிடக்கு?"

"எட்டாவது வரைக்கும்," என்றார் வழிகாட்டி. "மூணு புள்ளி. மத்த தெருவெல்லாம் மாறலை."

"அவங்க வெளிய வர்றதுக்குள்ள அந்த மூணும் தெருவுக்கு வரணும். இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கோவிச்சுக்காதீங்க." கோபப்பட முடியாத மாதிரிதான் சொன்னார். டோக்கன் கூண்டின் பித்தளைக் கம்பிகள் வழிகாட்டியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

நாற்பது பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் தபால்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அவளே செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. மேலாளரைப் பார்த்தாள், வழிகாட்டியைப் பார்த்தாள், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பதிவுக்காரரும் கட்டிக்கொண்டார். சுமாரக்கா முதுகுக்குப் பின்னால் தன் விரல்களை நெரித்தார்.

வழிகாட்டி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலில் பட்டை. இடது பக்கம், கடைசிவரை. கிணற்றுச் சந்து கரைந்தது. சாம்பல் கட்டடம் வந்தது, அசிங்கமாக, நிஜமாக. ஆறாவது புள்ளியை அழுத்திப் பிடித்தார். இழுத்த வேகத்தில் புள்ளி ஆற்றுக்குள் போய் விழுந்தது.

"பரவாயில்லை," என்றார் சுமாரக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "பின்னால போற அம்பு. மேல, இடது கோடி."

அழுத்தினார். புள்ளி ஆற்றிலிருந்து கரையேறியது. மறுபடி பிடித்து, மெல்ல இழுத்து, புதுச் சாலையில் விட்டார்.

"ம்ஹும்," என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தார். தபால்காரர். கன்னத்தைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கத்தில் பேச முடியாது. தலையை இடமும் வலமும் ஆட்டினார். பிறகு ஒரு விரலை நீட்டி, சாலையின் மறுபக்கத்தைக் காட்டினார்.

"ஏன்? இங்க என்ன?" என்றாள் நாற்பது.

தபால்காரர் இரண்டு கையாலும் மண் வெட்டுகிற மாதிரி காட்டினார். பள்ளம். நடைபாதை தோண்டிக் கிடக்கிறது. தினமும் அந்த வழியே நடக்கிற ஆள் சொன்னால் அதற்கு மேல் சான்று வேண்டாம். வழிகாட்டி புள்ளியை எதிர்ப்பக்கம் மாற்றினார். "ம்," என்றார் தபால்காரர். ஏழாவதுக்கு ஒரு "ம்ஹும்", சுற்றிக் காட்டிய விரல், ஒரு "ம்". எட்டாவது புள்ளிக்கு எடுத்த எடுப்பிலேயே "ம்" கிடைத்தது. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதமாகத் தாங்கள் எந்த ஐந்தாவது ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம் என்பது சொல்லாமலே விளங்கியது.

"கிணறு?" என்றார் பதிவுக்காரர். "அஞ்சாவது புள்ளி?"

வழிகாட்டி யோசித்தார். சரியான பதில் என்னவென்று புதன்கிழமைப் பாடம் எதுவும் சொல்லித்தந்திருக்கவில்லை. "அது இங்கயே இருக்கட்டும்," என்றார். "இன்னைக்கு மட்டும்." சேவ் பொத்தானை அவரே அழுத்தினார். யாரும் கை கொடுக்கவில்லை, மூச்சு மட்டும் விட்டார்கள்.

உள்ளேயிருந்து பத்துப் பேரும் வந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். அம்பு திரும்பியது. இந்த முறை அது கண்ணாடிக் கதவைக் காட்டி, தெருவுக்குப் போகச் சொன்னது. ஆறாவது இடத்தில், தோண்டிய பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், பத்துத் தலையும் ஒன்றாக மேலே திரும்பின. அதற்கப்புறம் ஒரு சுவரிலும் முட்டாமல் நடை ஆற்றுவாசலில் போய் முடிந்தது.

அங்கே உறுப்பினர் அம்மா ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். வழிகாட்டியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குள்ள பேசற ஆள் யாரு?"

"ஏம்மா?"

"காதுக்குள்ள உக்காந்து ஏலம் போடறாரு. அந்தப் பல் ஆஸ்பத்திரியில நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரி சொன்னா என்ன? நாங்கதான் கிட்ட வந்து கேட்டோமே. அந்த ஆள் இன்னும் வேலையில இருக்காரா?"

"இல்லைங்க," என்றார் வழிகாட்டி. "லீவுல இருக்காரு. ரொம்ப நாள் லீவு."

"வரும்போது சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

மேலாளர் இதையெல்லாம் கேட்காத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு வந்தார். "அடுத்த வாரம் முதல் நடை உங்களோடது. பை வாங்கற எடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன். ஆனா அந்தம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல? பதினாலையும் திரும்பப் பேசுங்க. இப்ப இருக்கற குரல்ல." இரண்டடி போய்த் திரும்பினார். "பல் டாக்டர் கேக்கறாரு, வாரா வாரம் அந்த மூலையைக் காட்ட வருவீங்களான்னு. மேல் வீட்டுக்காரங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வரணுமாம்."

வழிகாட்டி மனைவிக்குப் போன் செய்தார். அவள் பாடத்தில் இருந்தாள். பின்னணியில் யாரோ கிளட்சைக் கதறவிட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்டாள். பத்துப் பேரும் பல் ஆஸ்பத்திரிக்குள் போனது முதல் ஆற்றுவாசல் வரை அவர் சொல்லச் சொல்ல, எதிர்முனையில் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில், "இருங்க, வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்றேன்," என்றாள். நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். அது சிரிப்பு மட்டும்தானா என்று அவர் கேட்கவில்லை.

புதன்கிழமை மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி. தபால்காரர் பல்லைப் பிடுங்கிவிட்டு, அரை நாள் விடுப்பில் வந்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத மனிதர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவரை நாற்பது உதட்டில் விரல் வைத்து அடக்கினாள். பதிவுக்காரர் ஒலிவாங்கியை மேசையில் வைத்து, வழிகாட்டியை எதிரே உட்காரச் சொன்னார். ஜன்னலைச் சாத்தினார்.

வழிகாட்டி தொண்டையைச் செருமினார். பழக்கதோஷத்தில் முதுகை நிமிர்த்தி, தோளை விரித்து, மூன்றாம் தெருவைப் பார்ப்பது போலத் தலையைத் தூக்கினார். பிறகு இறக்கினார்.

"வணக்கம்," என்றார். நிறுத்தினார். "கேக்குதா?"

பதிவுக்காரர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒலிவாங்கியை ஒரு சாண் அவர் பக்கம் நகர்த்தினார்.

"கேக்குது. இன்னும் கொஞ்சம் மெதுவாப் பேசினாலும் கேக்கும்."